இல்லாத படையின் வண்ணங்கள்

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள், இடையே மரத் தாங்கிகள், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள், மேலே இழுத்துப் போர்த்திய துணி. முதலாம் உலகப் போரில் வானத்தை ஆண்ட இரட்டை இறக்கை விமானங்கள் இப்படித்தான் இருந்தன. இரண்டாம் உலகப் போரிலும் அவற்றுக்குச் சில ஆண்டுகள் வேலை இருந்தது. இவற்றைச் சிறு அளவில் மரத்திலும் தாளிலும் பிளாஸ்டிக்கிலும் கட்டி மகிழ்பவர்கள் பல நாடுகளில் உண்டு. அவர்களுள் ஒரு சாரார், விமானத்தை உள்ளபடியே கட்டிவிட்டு வண்ணத்தை மட்டும் தம் கற்பனைப்படி தீட்டுகிறார்கள். வாங்காத நாடு ஒன்று இந்த விமானத்தை வாங்கியிருந்தால், நடக்காத போர் ஒன்று நடந்திருந்தால், இது எந்தக் கோலத்தில் பறந்திருக்கும் என்பது அவர்களுடைய கேள்வி. நடந்த போர்கள் போதாவா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இது வெறும் விளையாட்டு, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஒன்றை மாற்றினால் மற்றவை என்ன ஆகும் என்று கேட்பது பௌதிகத்தின் அன்றாட வேலை. உராய்வே இல்லாத மேசை, எடையே இல்லாத கயிறு என்று வகுப்பறையில் நாள்தோறும் கற்பனை செய்கிறோம். ஆனால் உராய்வை நீக்கிய ஆசிரியர் அதே மூச்சில் புவியீர்ப்பையும் நீக்கிவிட்டால் கணக்கு எங்கே போய் நிற்கும்? கற்பனை வண்ணம் பூசிய விமானங்களில் பெரும்பாலானவை சறுக்கும் இடம் இதுதான். ஒன்றை மட்டும் கற்பித்துக்கொண்டு, சூரியனையும் காற்றையும் துணியையும் காலத்தையும் உள்ளபடி விட்டுவைக்கும் கட்டுப்பாடு அவற்றில் இல்லை.

நான் பணியாற்றும் கல்லூரி ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அதன் அறிவியல் கண்காட்சிக்கு மாணவர்கள் இத்தகைய மூன்று மாதிரிகளைச் செய்து கொண்டுவந்தார்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் கிட் எதுவும் இல்லை. மூங்கில் சிம்பு, பட்டம் ஒட்டும் தாள், தையல் நூல், பசை, போஸ்டர் வண்ணம், இவ்வளவே. வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெஸ்ட்லேண்ட் வாப்பிட்டி என்ற விமானத்தின் இறக்கை நீளம் 14.15 மீட்டர், 1:72 அளவில் அது 19.65 செ.மீ. ஆக வேண்டும். அளவுகோலை வைத்துப் பார்த்தேன், பிசகவில்லை. இறக்கைகளுக்கிடையே கம்பிக்குப் பதிலாகக் கட்டிய நூல்களில் ஒன்றுகூடத் தொய்யவில்லை. (அந்தக் கம்பிகளை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு இறக்கைகளும் தாங்கிகளும் கம்பிகளும் சேர்ந்து இரும்புப் பாலத்தின் சட்டம்போல் வேலை செய்ததால்தான் அத்தனை மெல்லிய கட்டுமானம் அத்தனை சுமையைத் தாங்கியது.) பரிசுக்குரிய வேலை, பரிசும் கிடைத்தது. மூங்கிலில் எனக்கு வழக்கு இல்லை. வண்ணத்தில்தான் உண்டு.

அட்டையில் எழுதியிருந்தது

முதலில் வாப்பிட்டியைப் பார்ப்போம். மேல்புறம் முழுதும் கரும்பச்சையும் மண்பழுப்பும் திட்டுத்திட்டாக. இறக்கைகளில் காவி, வெள்ளை, பச்சை வட்டம். பக்கத்தில் ஓர் அட்டை: "ஜவ்வாது மலை விமானப் பிரிவு, 1942. வீழ்த்திய எதிரி விமானங்கள்: 7."

அப்படி ஒரு பிரிவு இருந்ததில்லை என்பது செய்த மாணவருக்குத் தெரியும். அட்டையை நின்று படித்துப் போன பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியுமா? 'கற்பனை' என்ற நான்கெழுத்துச் சொல் அட்டையில் எங்கும் இல்லை.

நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8-ஆம் நாள் அமைந்தது. 1933 ஏப்ரல் 1-ஆம் நாள் கராச்சியின் டிரிக் ரோடு தளத்தில் அதன் முதல் பிரிவு தொடங்கியபோது கையில் இருந்தவை நான்கு வாப்பிட்டிகள். இரண்டாம் உலகப் போர் மூண்டதும், கடற்கரைக் காவலுக்கென்று தொண்டர் விமானப் பிரிவுகள் துறைமுக நகரங்களில் ஏற்படுத்தப்பட்டன. அவற்றுள் முதலாம் எண் பெற்ற பிரிவு நம் சென்னையில் இருந்தது. அதற்குள் கிழடாகிப்போயிருந்த வாப்பிட்டிகளை ஓட்டிக்கொண்டு, அதன் விமானிகள் கடலின் மேல் சுற்றி, வந்து போகும் கப்பல்களைக் கண்காணித்தார்கள். துணி போர்த்திய விமானம், திறந்த இருக்கை, கீழே கண்ணுக்கெட்டியவரை வங்கக் கடல். ஒற்றை இயந்திரம் நின்றுவிட்டால் இறங்க இடமில்லை. மாணவர் மலையிலிருந்து சென்னைக்கு இறங்கி வந்திருந்தால் கற்பனை அவ்வளவாகத் தேவைப்பட்டிராது. அந்த வகை விமானம் ஒன்று தில்லி பாலத்தில் விமானப்படை அருங்காட்சியகத்துக்காகக் காப்பாற்றி வைக்கப்பட்டது.

அடுத்து, அந்த ஏழு எதிரி விமானங்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்று காலை திருகோணமலைப் பக்கத்திலிருந்து கொழும்பை அடுத்த ரத்மலானையை நோக்கி ஆறு சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள் வந்துகொண்டிருந்தன. சுவோர்ட்ஃபிஷ், வாப்பிட்டிக்குப் பிற்பட்ட இரட்டை இறக்கை விமானம். அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 220 கி.மீ. எதிரே வந்த ஜீரோ விமானங்களின் வேகமோ 500 கி.மீ.க்கும் மேல். ஆறும் வீழ்த்தப்பட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன.

நம் கடலோரத்தில் இரட்டை இறக்கை விமானம் புதுக்காலப் போர் விமானத்தைச் சந்தித்தபோது நடந்தது இதுதான். அதைவிடப் பழைய வாப்பிட்டியின் பக்கத்தில் "வீழ்த்தியவை 7" என்று எழுத வேண்டுமானால், வண்ணத்தை மாற்றினால் போதாது; இயந்திரத்தை மாற்ற வேண்டும், இறக்கையை மாற்ற வேண்டும், கடைசியில் அது வாப்பிட்டியாகவே இருக்காது. போர்க்கோலம் பூசிய பொம்மைகளைப் பார்த்து முகம் சுளிப்பவர்களோடு நான் சேர்ந்துகொள்ளும் இடமும் இதுவே. பூசுவதில் தவறு காணவில்லை. செத்தவர்களின் பக்கத்தில் வெற்றிக் கணக்கு எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

மூவண்ண வட்டத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. காவி, வெள்ளை, பச்சை வட்டம் நம் விமானங்களில் ஏறியது 1950-இல். விடுதலைக்குப் பிறகு அதற்கு முன்னே சிறிது காலம் அசோகச் சக்கரம் இருந்தது. 1942-இல் இந்திய விமானி பறந்தது ஆங்கில அரசின் நீலம், வெள்ளை, சிவப்பு வட்டத்தின் கீழ். 'வெள்ளையனே வெளியேறு' என்று தேசம் முழங்கித் தலைவர்கள் சிறை புகுந்த ஆண்டு அது. அதே ஆண்டில் இந்திய இளைஞர்கள் ஆங்கிலச் சின்னம் தீட்டிய விமானத்தில் ஏறி இந்தியக் கரையைக் காத்தார்கள் என்பது சங்கடமான உண்மை. மூவண்ணத்தைப் பூசினால் சங்கடம் போய்விடுகிறது. அதோடு உண்மையும் போய்விடுகிறது. "1940-லேயே விடுதலை கிடைத்திருந்தால்?" என்று அட்டையில் ஒரு வரி கேட்டிருந்தால் மூவண்ணம் பொருந்தியிருக்கும். அப்படியானால் நாம் இந்தப் போரில் சேர்ந்திருப்போமா, யார் பக்கம், யார் முடிவு செய்திருப்பார்கள் என்று பார்ப்பவர் மனத்தில் கேள்விகள் வரிசையாக எழுந்திருக்கும். நல்ல கற்பனை செய்ய வேண்டிய வேலை அது.

ஆங்கில வட்டமும் 1942-இல் அப்படியே இருக்கவில்லை. ஜப்பானியச் சின்னம் ஒரு சிவப்பு வட்டு. ஆகவே அந்த ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து இந்தியா, பர்மா முனைகளில் பறந்த ஆங்கில விமானங்களில் நடுவிலிருந்த சிவப்பை வெள்ளையால் மறைத்தார்கள். பிறகு கருநீலத்துக்குள் வெளிர்நீலம் என்று மாற்றினார்கள். எதற்கு இவ்வளவு பயம்? நம் கண்ணின் பிரிதிறன் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் தொலைவில் அது சுமார் 30 செ.மீ.; மூன்று கிலோமீட்டரில் 90 செ.மீ. ஒரு மீட்டர் அகலமுள்ள வட்டச் சின்னம் மூன்று கிலோமீட்டரில் வெறும் புள்ளி. விமானம் நெருங்க நெருங்க, வளையங்கள் சரியாகப் பிரிந்து தெரிவதற்கு முன்பே 'ஏதோ சிவப்பு இருக்கிறது' என்பது கண்ணில் உறைக்கும். பீரங்கியின் பின்னால் நிற்பவனுக்கு அது போதும். 1914-இல் ஆங்கிலேயர் தம் கொடியையே விமானத்தில் தீட்டிப் பார்த்தார்கள். தொலைவிலிருந்து பார்த்தவர்களுக்கு அதிலிருந்த சிலுவைக் கோடுகள் ஜெர்மானியச் சிலுவையாகத் தெரிந்தன. அதனால்தான் பிரெஞ்சுக்காரர்களைப் பின்பற்றி, நிற வரிசையை மட்டும் மாற்றி வட்டத்துக்கு வந்தார்கள். சின்னம் என்பது நாட்டுப்பற்றுக்காக மட்டும் தீட்டுவதன்று. தன் பக்கத்தார் சுடாமல் இருக்கவும் தீட்டுவது. கற்பனைச் சின்னம் வரைபவர் அதைத் தாளில் வரைந்து, சுவரில் ஒட்டி, முப்பது அடி தள்ளி நின்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மேல் இறக்கையின் நிழல்

இனி என் பாடத்துக்கு வருகிறேன். இரண்டாவது மாதிரி குளோஸ்டர் கிளாடியேட்டர். 1937-இல் ஆங்கில விமானப்படையில் சேர்ந்த, அந்தப் படையின் கடைசி இரட்டை இறக்கைச் சண்டை விமானம். வாப்பிட்டியைப் போலவே இதிலும் மேல் இறக்கை, கீழ் இறக்கை இரண்டிலும் ஒரே பச்சை, ஒரே பழுப்பு. ஒற்றை இறக்கை விமானமானால் இந்தக் கேள்வியே எழாது. இரட்டை இறக்கையில் மேலே இருப்பது கீழே இருப்பதன்மேல் நிழல் போடுகிறது. உயரத்திலிருந்து பார்க்கும் எதிரிக்கு, வெயிலில் மின்னும் மேல் இறக்கையும் நிழலில் கறுத்த கீழ் இறக்கையும் விமானத்தை விளிம்பு கட்டிக் காட்டிவிடும். ஒரே பூச்சைப் பூசி மறைக்கப் பார்த்தால் நிழலே கோள் சொல்லும்.

உண்மையான கிளாடியேட்டருக்கு வண்ணம் வகுத்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். போர்க்கால உருமறைப்பில் மேல் இறக்கைக்குக் கரும்பச்சையும் கரும் மண்நிறமும் என்றால், கீழ் இறக்கையின் மேல்புறத்துக்கு வெளிர்பச்சையும் வெளிர் மண்நிறமும் பூசச் சொன்னார்கள். கடலின்மேல் பறந்த சுவோர்ட்ஃபிஷ்ஷுக்கு இதே முறை சாம்பல் நிறங்களில். நிழல் கறுப்பாக்குவதைப் பூச்சு வெளுப்பாக்கி ஈடுகட்டுகிறது. இயற்கையில் இதன் மறுபக்கத்தை நாம் பார்த்திருக்கிறோம்: மானின் முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது ஏன் என்று அமெரிக்க ஓவியர் அபட் தேயர் ஆராய்ந்தார், 1909-இல் வெளியான நூலில் இந்தக் கருத்து விரிவாக வந்தது. முப்பது ஆண்டுகளில் அது விமானத்தின் இறக்கைக்கு வந்து சேர்ந்தது.

இப்போது கற்பனைக்கு இடம் கொடுப்போம். கிளாடியேட்டரை இலண்டனிலிருந்து ஜவ்வாது மலைக்குக் கொண்டுவருவோம். இலண்டனில் கோடையின் நடுவில்கூடச் சூரியன் 62 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. நிழல் சாய்வாகவே விழும். நம் மலை இருப்பதோ வடக்கு 12½ பாகையில். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 19-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அப்போது மேல் இறக்கையின் நிழல் அப்படியே கீழ் இறக்கையின்மேல் படியும். மேல் இறக்கை சற்று முன்தள்ளி இருந்தால் பின்பக்கம் ஒரு பட்டை மட்டும் தப்பும்.

எவ்வளவு வெளுப்பு வேண்டும்? தெளிந்த நண்பகலில் கிடைத்தளத்தின்மேல் விழும் ஒளியில் எட்டில் ஏழு பங்கு நேர்க்கதிர், எட்டில் ஒரு பங்கு வானத்தில் சிதறி வருவது என்று வைத்துக்கொள்வோம். நிழலில் உள்ள இறக்கைக்கு அந்த எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். கரும்பச்சைப் பூச்சு 7 விழுக்காடு ஒளியை எதிரொளிக்கிறது என்றால், கீழ் இறக்கையும் அதே பிரகாசத்தில் தெரிய 7 × 8 = 56 விழுக்காடு எதிரொளிக்கும் பூச்சு வேண்டும். அது பச்சை அன்று. கிட்டத்தட்ட வெள்ளைத் தாள். மேல் இறக்கை வானத்திலும் ஒரு பகுதியை மறைப்பதால் உண்மையில் அதுவும் போதாது. ஆனால் அப்படி வெள்ளையடித்தால், காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் கீழ் இறக்கையில் பட்டவுடன் அது மைல் கணக்கில் பளிச்சிடும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும்போதும் அதே கதிதான். எனவே எந்தப் பூச்சும் ஒரு சமரசமே. அந்த விமானம் எந்த நேரத்தில் பறக்கும் என்று முடிவு செய்யாமல் வண்ணத்தை முடிவு செய்ய முடியாது. மேகம் கவிந்த இங்கிலாந்தில் நேர்க்கதிரின் பங்கு குறைவு. அங்கே இரண்டு படி வெளுப்பு போதுமென்று விட்டிருக்கலாம். நம் வெயிலுக்கு அதே கலவை சரிப்படாது என்பது நிச்சயம்.

ஜவ்வாது மலை என்று பெயர் வைத்ததற்கு இந்த ஒரு கணக்கைப் போட்டிருந்தால்கூட மாதிரி வேறு தரத்துக்கு உயர்ந்திருக்கும். காட்டையாவது பார்த்திருக்கலாம். அது இலையுதிர் காடு. ஐப்பசி, கார்த்திகையில் பச்சைப் பாய் விரித்த மலை, மாசி பங்குனியில் காய்ந்த புல்லும் செம்மண்ணும் சாம்பல் கிளைகளுமாக நிற்கும். சாமை விதைக்கும் கொல்லை ஒரு பருவத்தில் பசுமை, மற்றொரு பருவத்தில் வெறும் தாள். ஆண்டு முழுவதுக்கும் ஒரே கரும்பச்சை என்பது மழைக்காட்டுப் படங்களைப் பார்த்து வந்த யோசனை. அதைச் செய்தவர் அதே மலையில் பிறந்து வளர்ந்தவர் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கறுப்பாய்த் தெரிந்த சிவப்பு

மூன்றாவது மாதிரி முதலாம் உலகப் போர்க்காலத்து பி.ஈ.2சி. 1915 டிசம்பரில் இந்தியா வந்து சேர்ந்த ஆங்கில விமானப்படையின் 31-ஆம் பிரிவு இந்த வகை விமானத்தைத்தான் கொண்டுவந்தது. மாணவர் வட்டச் சின்னத்தின் நடுவில் கறுப்பும், வெளி வளையத்தில் வெளிறிய சாம்பலும் தீட்டியிருந்தார். "பழைய போட்டோவில் அப்படித்தான் சார் இருக்கிறது" என்றார்.

இருக்கிறது. ஆனால் அக்காலத்துப் படத்தகடுகள் பெரும்பாலும் நீலத்துக்கும் பச்சைக்கும் மட்டுமே உணர்வுள்ளவை. சிவப்பு ஒளி அவற்றில் பதியாது. ஆகவே சிவப்பு கறுப்பாகவும், நீலம் வெளுத்தும் விழும். படத்தில் கறுத்திருக்கும் வட்டு உண்மையில் சிவப்பு. வெளிறிய வளையம் நீலம். மஞ்சளும் இதே போலக் கறுத்துத்தான் விழும். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து வண்ணம் ஊகிக்கிற எல்லாருக்கும் உள்ள பொறி இது.

இதிலிருந்து தப்பும் வழியை அறிய வெளிநாட்டுப் புத்தகம் தேட வேண்டியதில்லை. அதே ஜவ்வாது மலையில், கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில், காவலூர் வானோக்ககம் இருக்கிறது. 1972-இல் அங்கே 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது, 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. விண்மீனின் நிறத்தை அளக்க வானியலார் ஒரே விண்மீனை நீல வடிகட்டி வழியாக ஒரு முறையும், மஞ்சள்-பச்சை வடிகட்டி வழியாக ஒரு முறையும் அளக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நிறம். ஓரியன் குழுவில் ஒரு தோளில் திருவாதிரை, மற்றொரு தோளில் பெல்லாட்ரிக்ஸ். வெறுங்கண்ணுக்குச் செந்நிறத் திருவாதிரைதான் பிரகாசம். நீல வடிகட்டியில் பார்த்தால் பெல்லாட்ரிக்ஸ் அதை முந்திவிடும். நீலத்தை மட்டும் உணரும் தகட்டை நம்புகிறவர் திருவாதிரையை மங்கிய விண்மீன் என்றே எழுதுவார். ஓர் அளவை வைத்து நிறம் சொல்ல முடியாது, இரண்டு வேண்டும். பழைய விமானப் படம் நமக்கு ஓர் அளவைத்தான் தருகிறது. ஆகவே அதோடு வேறு சான்று சேர வேண்டும்: எஞ்சிய துணித்துண்டு, பூச்சுக் கலவைக் குறிப்பு, பார்த்தவர் எழுதியது.

கலவைக் குறிப்பு என்றதால் ஒன்று சொல்ல வேண்டும். அக்கால ஆங்கில விமானங்களின் மேல்புறப் பூச்சில் இருந்த நிறமிகள் மஞ்சள் காவியும் விளக்குக் கரியும். காவி என்பது இரும்பு ஆக்சைடு. இரண்டும் எந்த விகிதத்தில் சேர்ந்தன, மேலே பூசிய வார்னிஷ் எவ்வளவு பழுத்தது என்பதைப் பொறுத்து அது பச்சை கலந்த பழுப்பாகவும் சாக்லெட் நிறமாகவும் தெரியும். மாதிரி கட்டுபவர்கள் அது பச்சையா பழுப்பா என்று இன்றும் சண்டையிடுகிறார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும். அந்தப் பூச்சின் முக்கிய வேலை ஒளிப்பது மட்டும் அன்று. லினன் துணியைப் புற ஊதாக் கதிர் அரித்துவிடும். நிறமி அதைத் தடுக்கும் குடை. வெயில் கடுமையான நாடுகளுக்கென்று செங்காவி கலந்த வேறொரு பூச்சு இருந்தது. பின்னாளில் வாப்பிட்டிக்குப் பூசிய வெள்ளிநிற அலுமினியப் பூச்சும் இதே வேலையைச் செய்தது. ஜெர்மானியர்கள் பலகோணக் கட்டங்களை நெசவுத் துணியிலேயே அச்சிட்டுவிட்டார்கள். பூச்சின் எடை மிச்சம். மாணவருடைய இலைப்பச்சைக்கு இந்த வரலாற்றில் இடமே இல்லை. வெயில் நாட்டுச் செங்காவியைப் பூசியிருந்தால் மலையின் செம்மண்ணுக்கும் அது பொருந்தியிருக்கும்.

வெள்ளை கலந்த காற்று

கிளாடியேட்டருக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அதன் வண்ணங்கள் எல்லாம் சற்றே பால் கலந்ததுபோல் இருந்தன. காரணம் கேட்டதற்கு, பெரிய பொருளைத் தொலைவிலிருந்து பார்க்கும்போது இடையிலுள்ள காற்று அதை வெளுப்பாக்குகிறது, ஆகவே சிறிய மாதிரிக்கு வண்ணத்தில் கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும் என்று பதில் வந்தது. இது மாணவரின் சொந்தக் கருத்தன்று. மாதிரி கட்டுபவர்களிடையே உலவும் பழைய விதி. கேட்கப் பௌதிகம்போல் இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்கவில்லை.

1:72 மாதிரியை ஒரு மீட்டர் தள்ளிப் பார்ப்பது உண்மை விமானத்தை 72 மீட்டர் தள்ளிப் பார்ப்பதற்குச் சமம். 20 கி.மீ. வரை கண் எட்டும் சாதாரண நாளில், ஒவ்வொரு கிலோமீட்டர் காற்றும் தன்வழி வரும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் சிதறடிக்கும். 72 மீட்டரில் இழப்பு ஒன்றரை விழுக்காடுகூட வராது. எந்தக் கண்ணும் அதை அறியாது. மலையைக் கேட்டால் மலையே சொல்லும். அடிவாரத்தில் நின்றால் அருகிலுள்ள சரிவு பச்சையாகவே இருக்கும். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள முகடு வெளிர்நீலம். அங்கிருந்து புறப்பட்ட ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் நம்மிடம் வருகிறது. மீதி நாம் பார்ப்பது இடையிலுள்ள காற்று சிதறடித்த வான ஒளி. வெளுப்பு வேண்டுமானால் கிலோமீட்டர்கள் வேண்டும்.

இருந்தும் அந்த மாதிரி கண்ணுக்கு இதமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். காரணம் வேறு. நண்பகல் வெயிலின் ஒளிச்செறிவு ஒரு லட்சம் லக்ஸ் அளவு. கண்காட்சி அறையின் குழல்விளக்கின் கீழே 500 லக்ஸ் இருந்தால் அதிகம். இருநூறு மடங்கு குறைந்த ஒளியில் அடர்ந்த நிறங்கள் இன்னும் கறுத்து, நிறம் செத்துத் தெரியும். கொஞ்சம் வெள்ளை அதைச் சரிக்கட்டுகிறது. விதி பலிக்கிறது, சொன்ன காரணம் பொய். அடுத்த முறை அதே மாதிரியை வெயிலில் வைத்துக் காட்டினால் வெளிறிப்போய் நிற்கும். அப்போது காற்றைப் பழி சொல்ல முடியாது.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரே அகலமுள்ள இரண்டு அட்டைகளுக்குச் செங்காவியும் விளக்குக் கரியும் பசையில் குழைத்த ஒரே பூச்சைப் பூசுங்கள். அகலத்துக்குச் சமமான இடைவெளி விட்டு, நான்கு மூங்கில் குச்சிகளில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். ஏப்ரல் 24-ஆம் நாள், ஜவ்வாது மலைப் பகுதியில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12 மணி 13 நிமிட அளவில். அந்த நேரத்தில் வெட்டவெளியில் வைத்து, கீழ் அட்டையும் கண்ணில் படும் அளவுக்குச் சற்றே சாய்வாக, மேலிருந்து பாருங்கள். பிறகு கீழ் அட்டைக்கான கலவையில் ஒவ்வொரு கரண்டியாகச் சுண்ணாம்பு வெள்ளை சேர்த்துப் பூசிக் காயவைத்து, மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே நேரத்தில் பார்த்து வாருங்கள். இரண்டு இறக்கைகளும் ஒன்றாகத் தெரியும்போது எத்தனை கரண்டி ஆயிற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். மாதிரியின் அட்டையில் 'கற்பனை' என்ற சொல்லுக்குக் கீழே எழுத வேண்டிய எண் அதுதான்.